பிழையின் பக்கம் திருகும் கருவி

வில்வித்தை பயிலும் தம் புதல்வியை நாள்தோறும் மைதானத்துக்கு அழைத்துச் சென்று, பயிற்சி முடியும் வரை ஓரத்தில் அமர்ந்து பார்த்துவரும் அன்பர் ஒருவர், சேலத்திலிருந்து எனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அம்பு இலக்கின் மையத்துக்குக் கீழே தைத்தால், வில்லில் பொருத்தியிருக்கும் சைட்டை இன்னும் கீழே இறக்கும்படி ஆசிரியர் சொல்லுகிறாராம். தாழ்ந்து போகிற அம்பை உயர்த்துவதற்குக் கருவியையும் உயர்த்துவதல்லவா நியாயம், இது என்ன விபரீதம் என்று கேட்கிறார். ஆசிரியர் சொல்வது முற்றிலும் சரி. ஆயினும் கேள்வி மிக நல்ல கேள்வி. அந்தச் சிறு கருவியின் சூட்சுமம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

வில், நாண், அம்பு ஆகியவற்றைப் பற்றி நான் விஸ்தரிக்க வேண்டியதில்லை. இதிகாசங்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அவை பரிச்சயமானவை. ஒலிம்பிக் பந்தயங்களில் வழங்கும் ரிக்கர்வ் வில்லை அருகில் நின்று பார்க்கிறவருக்கோ, நடுத்தண்டிலிருந்து இலக்கை நோக்கி ஒரு சாண் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய உலோகச் சட்டமே முதலில் கண்ணில் படும். அச்சட்டத்தின் நுனியில் செங்குத்தாக ஒரு தண்டு. தண்டின் பக்கத்தில் மில்லிமீட்டர் கோடுகள் செதுக்கிய அளவுகோல். தண்டைப் பற்றிக்கொண்டு மேலும் கீழும் நகரும் ஒரு கட்டை. அக்கட்டையை நகர்த்துவதற்கு நுண்ணிய மரை வெட்டிய ஒரு திருகு. திருகின் தலையை இரு விரல்களால் பிடித்துத் திருப்பினால், ஒவ்வொரு படியும் ‘டிக்’ என்று விரலுக்குத் தெரியும்படி கட்டை ஏறுகிறது அல்லது இறங்குகிறது. கட்டையிலிருந்து பக்கவாட்டில் நீளும் மற்றொரு திருகின் முனையில், விரல் நகத்துக்குள் அடங்கிவிடும் ஒரு வளையம். சில வளையங்களின் நடுவே ஒரு புள்ளி. இவ்வளவுதான் சைட். 70 மீட்டருக்கு அப்பாலுள்ள இலக்கின் மஞ்சள் வட்டம் 24.4 சென்டிமீட்டர் குறுக்களவு உடையது. வளையம் இருக்கும் இடத்தில் அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவாகவே கண்ணுக்குப் புலனாகும். அந்த மூன்று மில்லிமீட்டர் மஞ்சளை வளையத்தின் நடுவே நிறுத்தி, அசையாமல் பிடித்து, நாணை விடுவதே வில்லாளியின் காரியம்.

மஞ்சளை நேராகப் பார்த்து எய்தால் போதாதா, இடையில் ஒரு கருவி எதற்கு என்று தோன்றலாம். நல்ல ரிக்கர்வ் வில்லிலிருந்து புறப்படும் அம்பு விநாடிக்குச் சுமார் 60 மீட்டர் வேகத்தில் செல்லுகிறது. 70 மீட்டரைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 1.2 விநாடி பிடிக்கும். அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 7 மீட்டர் கீழே இழுத்துவிடும். ஆகவே இலக்குக்கு நேரே நீட்டிய அம்பு இலக்குப் பலகையை எட்டுமுன்பே தரையில் விழும். மையத்தைத் தொட வேண்டுமானால், அம்பின் முனை மையத்துக்கு 7 மீட்டர் மேலே வெற்று ஆகாயத்தை நோக்கியிருக்க வேண்டும். கண்ணோ மஞ்சளையே பார்த்திருக்க வேண்டும். கண் ஒரு திசையிலும் அம்பு மற்றொரு திசையிலும் இருக்க, இரண்டுக்கும் இடையேயுள்ள கோணத்தை ஒவ்வொரு முறையும் மாறாமல் காத்துத் தருவதே சைட்டின் தொழில்.

இக்கருவி வருவதற்கு முன்பு அந்தக் கோணத்தை மனிதர் தம் அனுபவத்தாலேயே காத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹொரேஸ் ஃபோர்டு என்னும் வில்லாளர் இருந்தார். 1849 முதல் 1859 வரை தொடர்ந்து பதினொரு ஆண்டுகள் தேசியப் பட்டம் அவருடையதே. 1856இல் வெளிவந்த தம் நூலில், அம்பைக் காதருகே இழுக்காமல் கண்ணுக்கு நேர் கீழே இழுக்க வேண்டும் என்றும், அம்பின் முனையையே அடையாளமாகக் கொண்டு குறிபார்க்க வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். கிட்டத்து இலக்குக்கு அம்பின் முனையை இலக்குக்குக் கீழே தரையில் ஓரிடத்திலும், எட்டத்து இலக்குக்கு இலக்கின் மேலே ஓரிடத்திலும் வைத்து எய்யும் முறை அது. பின்னாளில் வில்லின் முதுகில் நாடா ஒட்டி அதில் ஒரு குண்டூசியைச் செருகிக்கொண்டவர்கள், தரையில் கிடந்த அந்தக் குறியை வில்லுக்கே கொண்டுவந்தார்கள். சைட் வைத்துக்கொண்டு எய்வது வித்தைக்கு இழுக்கு என்று சொல்லுவோரின் கட்சியில் நான் சேரமாட்டேன். கருவியின்றி எய்ய விரும்புவோருக்கு ‘பேர்போ’ என்று தனிப் பிரிவே இருக்கிறது. அதன் கௌரவம் அதற்கு உண்டு.

இனி, அன்பரின் கேள்விக்கு வருவோம். நான் இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிகிறவன். எழுத்தைப் படிப்பதற்கான பகுதி அதில் கீழ்ப்பாதியில் இருக்கிறது. வியர்வையால் கண்ணாடி மூக்கில் சற்றே கீழிறங்கிவிட்டால், அந்தப் பகுதியின் வழியே புத்தகத்தைப் பார்ப்பதற்காக என் முகவாய் தானாகவே மேலே உயர்ந்துவிடுகிறது. கண்ணாடி இறங்க, முகம் ஏறுகிறது. வில்லிலும் நிகழ்வது இதுவே. கண்ணிலிருந்து மஞ்சளுக்குச் செல்லும் பார்வைக் கோடு நிலையானது. வளையம் அக்கோட்டின்மேல் நின்றாக வேண்டும். வளையத்தை வில்லில் ஒரு படி கீழே இறக்கினால், அதை மறுபடியும் பார்வைக் கோட்டுக்குக் கொண்டுவர வில்லாளி வில்லேந்திய கையை உயர்த்துகிறான். கை உயர, அம்பின் முனையும் உயருகிறது. தாழப் போன அம்பு மேலே போகிறது. இடப்பக்கம் போகும் அம்புக்கு வளையத்தை இடப்பக்கம் நகர்த்துவதும் இதே நியாயத்தால்தான். அம்பு எந்தப் பக்கம் தவறியதோ, அந்தப் பக்கமே வளையம் போக வேண்டும். உலகெங்கும் முதற்பாடமாகச் சொல்லித்தரப்படுகிற விதி இதுதான்.

எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதையும் கணக்குப் பார்த்துவிடலாம். முழுக்க இழுத்த நிலையில் கண்ணுக்கும் வளையத்துக்கும் இடையே சுமார் 90 சென்டிமீட்டர் இருக்கும். அப்படியானால் வளையம் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், 70 மீட்டருக்கு அப்பால் அம்பு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. இலக்கின் ஒவ்வொரு வளைய அகலமும் 6.1 சென்டிமீட்டரே ஆகையால், ஒரு மதிப்பெண்ணுக்கு மேலேயே போய்விடுகிறது. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் தென்கொரியாவின் கிம் ஊ ஜின்னும் அமெரிக்காவின் பிராடி எலிசனும் சமநிலையில் நின்று, ஆளுக்கு ஓர் அம்பு எய்து முடிவுகாண நேர்ந்தது. இருவரும் பத்தையே எய்தார்கள். மையத்திலிருந்து கிம்மின் அம்பு 55.8 மில்லிமீட்டரிலும் எலிசனின் அம்பு 60.7 மில்லிமீட்டரிலும் தைத்திருந்தன. வித்தியாசம் 4.9 மில்லிமீட்டர். சைட்டின் வளையத்தில் அதன் மதிப்பு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு. ஒரு தலைமயிரின் கனம். தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது அவ்வளவே.

இதைவிட விசித்திரமான சங்கதி ஒன்று உண்டு. தூரம் கூடக் கூட வளையம் இறங்க வேண்டும், கிட்டத்துக்கு வர வர ஏற வேண்டும் என்பது இதுவரை சொன்னதிலிருந்து விளங்கும். ஆனால் கிட்டே வந்துகொண்டே இருந்தால், ஓரிடத்தில் அந்த ஏற்றம் நின்று, வளையம் மறுபடியும் இறங்கத் தொடங்குகிறது! அம்பு கண்ணின் மட்டத்திலிருந்து புறப்படுவதில்லை; தாடைக்குக் கீழிருந்து, கண்ணுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் தாழ்வாகப் புறப்படுகிறது. வெகு கிட்டத்து இலக்கில் புவியீர்ப்பு அம்பை இழுக்க அவகாசமே இல்லை; அம்பு ஏற வேண்டியது அந்தப் பதினொரு சென்டிமீட்டரைத்தான். அதை 5 மீட்டருக்குள் ஏறி முடிக்க வேண்டுமானால் கோணம் அதிகமாகத்தானே வேண்டும்? விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தை வைத்துக் கணக்கிட்டால், வளையம் எல்லாவற்றிலும் உயரமாக நிற்பது சுமார் 9 மீட்டர் தூரத்துக்கு. 5 மீட்டருக்கு வேண்டிய அளவும் 16 மீட்டருக்கு வேண்டிய அளவும் ஏறத்தாழ ஒன்றே. காட்டிலும் மேட்டிலும் நடந்துகொண்டே எய்யும் ஃபீல்டு பந்தயத்தில், வெகு அருகில் வைத்த சிறு இலக்கை, இவ்வளவு கிட்டத்தில் என்ன தவறிவிடப் போகிறது என்று அலட்சியமாக எய்து ஏமாறும் புதியவர்கள் இதை அறியாதவர்களே. புத்தியால் ஒப்புக்கொண்டாலும் கண்ணால் பார்த்தாலொழிய நம்ப முடியாத உண்மைகளில் இதுவும் ஒன்று. இதை முதன்முதலாகக் காகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் இன்னும் குறையவில்லை.

துப்பாக்கியில் முன்குறி, பின்குறி என்று இரண்டு உண்டு. ரிக்கர்வ் வில்லிலோ முன்குறி மட்டுமே விதிகளின்படி அனுமதிக்கப்படுகிறது. பின்குறியின் வேலையைக் கண்ணெதிரே மங்கலான நிழலாகத் தெரியும் நாணே செய்கிறது. அந்த நிழல் வில்லின் ஓரத்தையோ வளையத்தின் ஓரத்தையோ ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உரசி நிற்கும்படி பார்த்துக்கொள்ளுகிறார்கள். பெருக்கிக் காட்டும் ஆடியோ, சாய்வைக் காட்டும் ரசமட்டமோ ரிக்கர்வ் வில்லில் கூடாது. வில்லின் மேல்முனை வலப்புறம் ஒரு பாகை சாய்ந்தால், 70 மீட்டரில் அம்பு சுமார் 12 சென்டிமீட்டர் வலப்புறம் விலகும்; இரண்டு வளையங்கள் போயின. அந்த ஒரு பாகையை உடம்பாலேயே உணர வேண்டும். கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லில் ஆடி, ரசமட்டம், நாணில் பின்துளை மூன்றுமே உண்டு. அதனால் அது சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே எதிர்பார்க்கப்படும் துல்லியமும் அதற்கேற்ப உயர்ந்துவிடுகிறது. 2023இல் பெர்லினில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் நம் நாட்டு ஓஜஸ் தேவ்தலே, காம்பவுண்ட் பிரிவின் இறுதிப் போட்டியில் எய்த 15 அம்புகளையும் பத்திலேயே தைத்து 150க்கு 150 பெற்றார். எதிராளி பெற்றது 149. அதே போட்டிகளில் அதிதி சுவாமி பதினேழு வயதிலேயே மகளிர் உலகப் பட்டம் பெற்றார்.

இத்தனை நுட்பமான கருவியை நம் மைதானங்களில் நடத்தும் விதம் எனக்கு மன வருத்தத்தைத் தருகிறது. ஓர் அம்பு தவறியதும் திருகில் கை வைக்கிறார்கள். ஓர் அம்பு எதற்கும் சாட்சியாகாது. விரல் வழுக்கியிருக்கலாம், மூச்சுத் தடுமாறியிருக்கலாம், காற்று ஒரு கணம் அடித்திருக்கலாம். ஆறு அம்புகளை எய்து, அவை ஓரிடத்தில் குவிகின்றனவா என்று பார்க்க வேண்டும். குவிந்த இடம் மையத்துக்குக் கீழே இருந்தால் சைட்டை இறக்கலாம். பலகையெங்கும் சிதறிக் கிடந்தாலோ சைட்டின்மேல் குற்றமில்லை. திருத்த வேண்டியது நிற்கும் நிலையையும், இழுக்கும் தோளையும், விடும் விரலையும்தான். மாறி மாறி வீசும் காற்றில் தேர்ந்தவர்கள் திருகைத் தொடாமல், வளையத்தை மஞ்சளிலிருந்து சிவப்பின் பக்கம் சற்று ஒதுக்கிவைத்து எய்கிறார்கள். தனிநபர் ஆட்டத்தில் ஓர் அம்புக்கு 20 விநாடிதான் அவகாசம், அதற்குள் திருகைத் திருப்பி அளவு பார்ப்பது நடவாத காரியம். குழந்தையின் நிலை உறுதிப்படுமுன்பே விலையுயர்ந்த சைட்டை வாங்கித் தந்து, அதன் திருகையும் தாமே திருப்பிக்கொண்டிருக்கும் பெரியவர்கள், அன்பின் மிகுதியால் அக்குழந்தை தன் பிழையைத் தானே அறியும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறார்கள்.

மற்றொரு குறை இதைவிடப் பரவலானது. ஒரு வில்லை நாலைந்து பேர் மாற்றி மாற்றி எய்யும் பயிற்சிக்கூடங்கள் நம் நாட்டில் உண்டு. சைட்டின் அளவு வில்லுக்கு உரியதன்று, ஆளுக்கு உரியது. ஒருவரின் தாடை நீளம், கை நீளம், நாணை இழுக்கும் தூரம் எல்லாம் சேர்ந்தே அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. ஒருத்திக்குச் சரியான எண் அடுத்தவளுக்குப் பிழையான எண். பலவீனமான வில்லை வைத்துக்கொண்டு 70 மீட்டருக்கு எய்ய முயலும் சிறுவனுக்கு, வளையம் இறங்கி இறங்கி அம்பின் மட்டத்துக்கே வந்து, அம்பு அதில் உரசும் நிலையும் நேருகிறது. அப்போது சட்டத்தை வில்லின் பக்கம் உள்ளே தள்ளிக்கொண்டால் இடம் கிடைக்கும்; துல்லியம் சற்றே குறையும் என்றாலும் பயிற்சி தடைப்படாது. இந்தச் சிறு உபாயம் தெரியாமல் தனக்கு வராத வித்தை என்று சோர்ந்துபோகும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவது ஆசிரியர்களின் கடமை.

ஆகையால் வில்வித்தை சொல்லித்தரும் பள்ளிகளையும் சங்கங்களையும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதிய வில்லுக்கும் புதிய சைட்டுக்கும் பணம் திரட்ட முடியாவிட்டாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எந்த வில், எவ்வளவு தூரம், அளவுகோலில் என்ன எண், அன்று காற்று எப்படி என்று நாலு வரி, பயிற்சி முடிந்ததும் அவரவர் கையாலேயே எழுதட்டும். மறுநாள் திருகைத் தொடுமுன்பு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கட்டும். இதை வருகிற பயிற்சி நாளிலேயே தொடங்குங்கள்.