மனித மரபணுத்தொகைத் திருத்தப் பன்னாட்டு மாநாடு

மனித மரபணுத்தொகைத் திருத்தப் பன்னாட்டு மாநாடு என்பது, மனித உயிரணுக்களின் மரபணுக்களை மாற்றும் நுட்பத்தை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று விவாதிப்பதற்காக அறிவியலாளர்களும் மருத்துவர்களும் சட்ட, அறவியல் வல்லுநர்களும் நோயாளிகளும் கூடும் மாநாடு ஆகும். இது 2015 டிசம்பரில் வாஷிங்டனிலும், 2018 நவம்பரில் ஹாங்காங்கிலும், 2023 மார்ச்சில் லண்டனிலும் நடைபெற்றது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகம், தேசிய மருத்துவக் கழகம், பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆகியவை மூன்று மாநாடுகளையும் நடத்திய அமைப்புகளுள் இடம்பெற்றன.

இம்மாநாட்டின் முடிவுகளுக்குச் சட்ட வலிமை கிடையாது. எந்த நாட்டையும் எந்த ஆய்வகத்தையும் அது கட்டுப்படுத்த இயலாது. கடைசி நாளில் அமைப்புக் குழு ஓர் அறிக்கை வெளியிடும், அவ்வளவுதான். இந்த ஏற்பாடு எவ்வளவு தாங்கும் என்பது ஹாங்காங்கில் தெரியவந்தது.

இரு வகைத் திருத்தங்கள்

மாநாட்டில் எழுந்த சர்ச்சைகளைப் புரிந்துகொள்ள, மரபணு மாற்றத்தின் இரு வகைகளைப் பிரித்தறிவது அவசியம். முதல் வகையில் நோயாளியின் உடலணுக்கள் மட்டுமே மாற்றப்படுகின்றன. இரத்த அணுக்களை உருவாக்கும் குருத்தணுக்களை உடலிலிருந்து பிரித்தெடுத்து, ஆய்வகத்தில் மாற்றி, அவருக்கே திரும்பச் செலுத்துவது இதற்கு எடுத்துக்காட்டு. அந்த மாற்றம் அவரோடு முடிந்துவிடும், பிள்ளைகளுக்குச் செல்லாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்கு அளிக்கப்பட்டு, 2024 டிசம்பரில் முடிவுகள் வெளியிடப்பட்ட சிகிச்சையும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதில் பழுதான மரபணு திருத்தப்படவில்லை. அதன் சரியான படி ஒன்று குருத்தணுக்களில் கூடுதலாகச் சேர்க்கப்பட்டது.

இரண்டாம் வகையில் மாற்றம் கருவுற்ற முட்டையில் செய்யப்படுகிறது. அந்தக் கருவிலிருந்து உருவாகும் குழந்தையின் எல்லா உயிரணுக்களிலும், விந்தணு அல்லது சினைமுட்டை உட்பட, அம்மாற்றம் இருக்கக்கூடும். பிறகு அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும். முதல் வகைக்கு நோயாளியிடம் ஒப்புதல் கேட்கலாம். இரண்டாம் வகைக்கு யாரிடம் கேட்பது?

இக்கேள்வி நெடுநாளாக ஏட்டளவில் இருந்தது. மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் கருவிகள் முன்பே இருந்தாலும், ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு புதிய புரதத்தை வடிவமைக்க வேண்டியிருந்ததால் அவற்றைக் கையாள்வது கடினமாக இருந்தது. 2012-இல் ஜெனிஃபர் டவுட்னா, எமானுவேல் ஷார்பென்டியர் ஆகியோர் விளக்கிய கிரிஸ்பர்-கேஸ்9 முறையில், வெட்ட வேண்டிய இடத்தை ஒரு சிறிய ஆர்.என்.ஏ. இழையே காட்டிக்கொடுக்கும். இழையை மாற்றினால் இலக்கும் மாறும். இருவருக்கும் 2020-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்நுட்பம் உலகெங்கும் சாதாரண ஆய்வகங்களுக்குள் நுழைந்துவிட்டது.

வாஷிங்டன், 2015

2015 ஏப்ரலில் சீனாவின் குவாங்சோ நகரிலுள்ள சன் யாட்-சென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மனிதக் கருக்களில் கிரிஸ்பரைப் பயன்படுத்திய முதல் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு விந்தணுக்களால் கருவுற்றதால் குழந்தையாக வளர வாய்ப்பில்லாத 86 கருக்களில், பீட்டா தலசீமியாவுக்குக் காரணமான மரபணுவைத் திருத்த அவர்கள் முயன்றனர். மிகச் சிலவற்றில்தான் விரும்பிய மாற்றம் ஏற்பட்டது; விரும்பாத இடங்களிலும் வெட்டுகள் விழுந்திருந்தன. தோல்விக்கு நெருக்கமான முடிவுதான். ஆனாலும் முயன்று பார்க்க ஆள் இருக்கிறார்கள் என்பது இதன் மூலம் வெளிப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் 3 வரை முதல் மாநாடு கூடியது. சீன அறிவியல் கழகமும் அதை இணைந்து நடத்தியது.

தலைமை வகித்த டேவிட் பால்டிமோர், டி.என்.ஏ. ஒட்டும் ஆய்வுகளுக்குப் பாதுகாப்பு விதிகளை வகுக்க 1975-இல் கலிபோர்னியாவின் அசிலோமாரில் நடந்த கூட்டத்தை ஏற்பாடு செய்தவர்களுள் ஒருவர். அறிவியலாளர்கள் தாமே கூடித் தமக்கு எல்லை வகுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்ததுதான்.

எல்லோரும் எல்லையைப் பற்றியே பேசவில்லை. பிறந்த ஆறாம் நாள் தன் குழந்தையை இழந்த ஒரு தாய் பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து, நோயை நீக்கும் திறமை உங்களிடம் இருந்தால் அதைச் செய்யுங்கள் என்று கண்ணீருடன் கேட்டுக்கொண்டார்.

உடலணுச் சிகிச்சையை ஏற்கெனவே உள்ள மருத்துவ விதிகளின்படி தொடரலாம் என்றது இறுதி அறிக்கை. கருவைத் திருத்திக் குழந்தை பெறுவதற்கு இரண்டு நிபந்தனைகளை முன்வைத்தது: பாதுகாப்பும் பயனும் பற்றிய கேள்விகள் தீர வேண்டும், சமூகத்தில் பரவலான ஒப்புதல் ஏற்பட வேண்டும். அதுவரை அதைச் செய்வது பொறுப்பற்றது என்று கூறியது. இரண்டாவது நிபந்தனை நிறைவேறிவிட்டதா என்பதை யார், எப்படி அளப்பது என்பதில் தெளிவு ஏற்படவில்லை.

ஹாங்காங், 2018

இரண்டாம் மாநாடு நவம்பர் 27 அன்று ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் தொடங்க இருந்தது. அதற்கு முந்தைய நாள், மரபணு திருத்தப்பட்ட இரட்டைப் பெண் குழந்தைகள் சீனாவில் பிறந்துவிட்டனர் என்ற செய்தி வெளியானது. ஷென்ஷெனில் உள்ள தென் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹே ஜியான்குய் தானே காணொளிகளில் தோன்றி அதை அறிவித்தார். குழந்தைகளுக்கு லூலூ, நானா என்று புனைபெயர் வைத்திருந்தார்.

ஹே ஏற்கெனவே மாநாட்டின் பேச்சாளர் பட்டியலில் இருந்தவர். அவர் முன்கூட்டி அனுப்பியிருந்த படவில்லைகளில் இக்குழந்தைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நவம்பர் 28 அன்று புகைப்படக் கருவிகளின் ஓசைக்கு நடுவே மேடையேறியபோதுதான், கூடியிருந்த வல்லுநர்கள் முதன்முறையாக அவருடைய தரவுகளைப் பார்த்தார்கள்.

அவர் மாற்றியது சி.சி.ஆர்.5 என்னும் மரபணுவை. எச்.ஐ.வி. வைரஸ் வெள்ளணுக்களுக்குள் நுழையப் பயன்படுத்தும் புரதத்தை உருவாக்குவது இம்மரபணுவே. ஐரோப்பிய வம்சாவளியினர் சிலரிடம் இம்மரபணுவில் 32 எழுத்துகள் இயற்கையாகவே விடுபட்டிருக்கும். இரு படிகளிலும் அப்படி இருப்பவர்களை எச்.ஐ.வி. பெரும்பாலும் தொற்றாது. குழந்தைகளின் தந்தைக்கு எச்.ஐ.வி. இருந்தது, தாய்க்கு இல்லை. இத்தகைய தம்பதியருக்கு விந்தணுவைக் கழுவிச் சுத்தப்படுத்தி, செயற்கைமுறையில் கருத்தரிக்கச் செய்தால் குழந்தைக்குத் தொற்று பரவுவதைத் தடுக்கலாம். அந்த முறையை ஹேயும் பயன்படுத்தியிருந்தார். அப்படியானால் இந்தத் திருத்தத்தால் நிறைவேறிய மருத்துவத் தேவைதான் என்ன என்று அமெரிக்க வேதியியலாளர் டேவிட் லியு எழுந்து கேட்டார். நிறைவளிக்கும் பதில் வரவில்லை.

அவர் காட்டிய முடிவுகளும் குறையுடையவை. ஒரு குழந்தையிடம் மரபணுவின் இரு படிகளும், மற்றொரு குழந்தையிடம் ஒரு படி மட்டுமே மாறியிருந்தன. அந்த மாற்றங்களும் இயற்கையில் காணப்படும் 32 எழுத்து இழப்பு அல்ல. முன்பு மனிதரில் ஆராயப்படாத புதிய மாற்றங்கள். சி.சி.ஆர்.5 இல்லாதவர்களை மேற்கு நைல் வைரஸ் கடுமையாகத் தாக்கக்கூடும் என்பதும் அப்போதே தெரிந்த ஒன்று. இன்னொரு பெண்ணும் கருவுற்றிருக்கிறார் என்பது கேள்வி நேரத்தில்தான் வெளிவந்தது.

வெளிப்படைத்தன்மை இல்லாததால் அறிவியல் சமூகத்தின் சுயக்கட்டுப்பாடு தோற்றுவிட்டது என்று மேடைக்கு வந்த பால்டிமோர் கூறினார். அசிலோமாரை ஏற்பாடு செய்தவர் வாயிலிருந்து வந்த சொற்கள் என்பதால் அவற்றின் கனம் அதிகம். அமைப்புக் குழுவின் அறிக்கை ஹேயின் செயலைப் பொறுப்பற்றது என்று கண்டித்தது. ஆனால் அதே அறிக்கை, இத்தகைய சோதனைகளை நோக்கிச் செல்லக் கண்டிப்பான ஒரு பாதையை வகுக்கும் காலம் வந்துவிட்டது என்றும் சொன்னது. ஒரு கையால் கதவைச் சாத்தி மறு கையால் திறப்பது போல இது பலருக்குத் தோன்றியதில் வியப்பில்லை. 2019 மார்ச்சில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 18 பேர், ஷார்பென்டியர் உட்பட, இத்தகைய பயன்பாட்டுக்குத் தற்காலிகத் தடை கோரி ‘நேச்சர்’ இதழில் எழுதினர். 2019 டிசம்பர் 30 அன்று ஷென்ஷென் நீதிமன்றம் ஹேக்கு மூன்று ஆண்டு சிறையும் 30 லட்சம் யுவான் அபராதமும் விதித்தது.

லண்டன், 2023

மூன்றாம் மாநாடு மார்ச் 6 முதல் 8 வரை பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் நடந்தது. கருவைத் திருத்திக் குழந்தை பெறுவது இப்போதைக்கு ஏற்கத்தக்கதல்ல என்று அறிக்கை சுருக்கமாக முடித்துக்கொண்டது. பேச்சின் பெரும்பகுதி உடலணுச் சிகிச்சையின் பக்கம் திரும்பியிருந்தது.

முதல் நாள் பேசியவர்களுள் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த பெண் ஒருவரும் இருந்தார். அரிவாளணுச் சோகையால் சிறுவயது முதல் கடும் வலியோடு வாழ்ந்தவர். 2019-இல் கிரிஸ்பர் சிகிச்சை பெற்றவர். இந்நோயில் பழுதான ஹீமோகுளோபினால் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து சிறு இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. கருவில் இருக்கும்போது மனிதருக்கு வேறொரு ஹீமோகுளோபின் உண்டு. பிறந்த பிறகு பி.சி.எல்.11.ஏ என்ற மரபணு அதன் உற்பத்தியை அடக்கிவிடும். நோயாளியின் குருத்தணுக்களில் அந்த அடக்கும் மரபணுவைத் தளர்த்தினால், சிசுப்பருவ ஹீமோகுளோபின் மீண்டும் சுரக்கத் தொடங்கும். காஸ்கெவி எனப்படும் இச்சிகிச்சைக்கு மாநாடு முடிந்த எட்டு மாதங்களில் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது. டிசம்பர் 8 அன்று அமெரிக்காவும் அளித்தது.

அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். பணம் இருந்தாலும் போதாது. மாற்றிய குருத்தணுக்களுக்கு இடம் ஒதுக்க, பழைய மஜ்ஜையைக் கடும் வேதிமருந்தால் அழிக்க வேண்டும். குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்யும் மருத்துவமனையில் பல வாரங்கள் தங்க வேண்டும். மரபணுச் சிகிச்சைகளின் இன்றைய விலை நீடிக்க முடியாதது என்று மாநாட்டு அறிக்கையே ஒப்புக்கொண்டது.

இந்நோயுடன் வாழ்வோரில் பெரும்பாலோர் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இருக்கிறார்கள். இந்தியாவில் அரிவாளணு முதன்முதலில் பதிவானது நீலகிரி மலைப் பழங்குடியினரிடம். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் அதை வெளியிட்டனர். 2023 ஜூலையில் இந்திய அரசு தொடங்கிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம் இரத்தப் பரிசோதனையையும் ஆலோசனையையும் முன்னிறுத்துகிறது. நோயாளிகளுக்குக் கிடைக்கும் முக்கிய மருந்து ஹைட்ராக்சியூரியா என்ற விலை குறைந்த மாத்திரை. அதுவும் சிசுப்பருவ ஹீமோகுளோபினை உயர்த்தியே வலியைக் குறைக்கிறது. ஆனால் நாள்தோறும் விழுங்க வேண்டும்.