என்ஜினை யார் கையில் கொடுப்பது?

சைலன்சரில் புகை. மேடு ஏறினால் திணறல். உதைத்து உதைத்துக் கால் வலிக்கிறது. மெக்கானிக் குனிந்து காது கொடுத்துக் கேட்கிறார். நிமிர்ந்து, ''என்ஜின் இறக்கணும் சார்'' என்கிறார்.

இந்த மூன்று சொற்களைக் கேட்டதும் வயிற்றில் புளி கரையாத மோட்டார் சைக்கிள்காரர் உண்டா?

பெங்களூருவில் பீன்யாவுக்கும் பொம்மசந்திராவுக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வண்டி ஆடம்பரம் அல்ல. அது ஓடினால்தான் சம்பளம். புது வண்டி வாங்கத் தவணை கட்ட முடியாதவர்கள், அண்ணனோ மாமாவோ விட்டுச்சென்ற பழைய வண்டியையே பிள்ளை போல வைத்திருக்கிறார்கள். அந்த வண்டியின் என்ஜினைப் பிரிக்கும் நாள் வந்தால், எந்தப் பட்டறையில் கொடுப்பது?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். பணமும் போய், உயிரும் போகப் பார்த்த பிறகு கற்ற பாடம் இது.

நம்ம ஊர்க்காரர்!

என்னுடையது 'ஆர்.எக்ஸ். 100'. இந்த வண்டியை அறியாதவர் இருக்க முடியாது. எஸ்கார்ட்ஸ் நிறுவனமும் ஜப்பானின் யமஹாவும் சேர்ந்து 1985-ல் இந்தியாவில் இறக்கியது. 98 சி.சி. நிமிடத்துக்கு 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன். 1996-ல் உற்பத்தி நின்றது. ஆனாலும் அதன் மவுசு இன்றும் குறையவில்லை. என் அண்ணன் வேலையை விட்டு ஊரோடு போனபோது, ''பார்த்து ஓட்டுடா'' என்று சாவியை என் கையில் கொடுத்தார்.

வண்டி புகைக்கத் தொடங்கியதும் ஒரு பட்டறைக்குப் போனேன்.

''எந்த ஊரு சார்?''

''திருப்பத்தூர் பக்கம்.''

''அட! நமக்கு ஜோலார்பேட்டை!''

அவ்வளவுதான். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. வெளிமாநிலத்தில் நம் பேச்சைக் கேட்டதும் மனம் இளகிவிடுகிறது அல்லவா? ''போர் போட்டு, போர்ட்டைத் திறந்து, ஹெட்டைச் சீவித் தருகிறேன். வண்டி பறக்கும்'' என்றார். நானும் தலையாட்டினேன்.

வண்டி பறக்கத்தான் செய்தது. மூன்று வாரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஓசூருக்குப் புறப்பட்டேன். சந்தாபுரத்தைத் தாண்டி நல்ல வேகம். திடீரென்று 'கிறீச்' என்று ஒரு சத்தம். என்ஜின் இறுகிப் பின்சக்கரம் நின்றுவிட்டது. வண்டி இழுத்துக்கொண்டே போகிறது. பின்னால் லாரி. கை தானாக கிளட்சைப் பிடித்ததால் சக்கரம் விடுபட்டது. ஓரம் கட்டினேன். லாரிக்காரர் ஏதோ திட்டிவிட்டுப் போனார். அது காதில் விழவே இல்லை.

மனைவி என்னைத் திட்டவில்லை. ''இனிமேல் நான் பஸ்சிலேயே வருகிறேன்'' என்று மட்டும் சொன்னாள். அத்திப்பள்ளி வழியாகப் போகும் பஸ்சில் ஏறிக்கொண்டாள்.

முடி அளவு இடைவெளி

ஏன் இறுகியது?

சிலிண்டரின் உள்பக்கம் வார்ப்பிரும்பு. அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் அலுமினியம். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரியும். அந்த விரிவுக்கு இடம் விட்டுத்தான் சிலிண்டரைக் கடைய வேண்டும். அந்த இடம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை நூறு பங்கு போட்டால் அதில் சில பங்கு. தலைமுடிப் பருமன்கூட இருக்காது!

இடம் குறைந்தால் சூட்டில் பிஸ்டன் இறுகும். கூடினால் 'டக டக' என்று தட்டும், சீக்கிரம் தேயும். கண்ணால் பார்த்தோ, விரலால் தடவியோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. அளந்துதான் ஆகவேண்டும்.

எனக்கு வேலை செய்தவர் ஏமாற்றுக்காரர் அல்ல. உழைப்பாளிதான். ஆனால், அவர் அளக்கவில்லை. சிலிண்டரை எங்கோ கொடுத்து 'அடுத்த சைஸ்' போர் போட்டு வாங்கினார். பிறகு கடையில் பிஸ்டன் வாங்கி உள்ளே போட்டார். எல்லாமே தலைகீழ்!

''பிஸ்டன் எங்கே?''

இறுகிய சிலிண்டரைப் பையில் போட்டுக்கொண்டு, ஜே.சி. ரோடு பின்புறச் சந்து ஒன்றில் இருந்த லேத் பட்டறைக்குப் போனேன். வயதான மிஷினிஸ்ட். கன்னடக்காரர். நான் எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. சிலிண்டரை வாங்கித் துடைத்தார். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக, போர் கேஜை விட்டு அளந்தார். ஒரு தாளில் ஆறு எண்களை எழுதினார்.

பிறகு கேட்டார்: ''பிஸ்டன் எல்லி?''

''நீங்கள் போர் போடுங்கள், நான் வாங்கி வருகிறேன்'' என்றேன்.

சிலிண்டரை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். ''பிஸ்டன் இல்லதே போர் மாடல்ல!'' பிஸ்டன் இல்லாமல் போர் போட மாட்டாராம்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஒரே சைஸ் என்று அச்சிட்ட இரண்டு பிஸ்டன்கள்கூட நூலிழை வித்தியாசம் இருக்கலாம். ஆகவே, பிஸ்டனை முதலில் வாங்க வேண்டும். மைக்ரோமீட்டரில் அதை அளக்க வேண்டும். அந்த அளவோடு இடைவெளியைக் கூட்டி, அதற்கேற்பச் சிலிண்டரைக் கடைய வேண்டும். வேலையை மறுத்து அனுப்பிய அந்தப் பெரியவரிடமே மறுநாள் பிஸ்டனோடு போய் நின்றேன்.

பட்டறையில் என்ன பார்ப்பது?

வாசகர்களுக்கு உபயோகப்படும் என்று சிலவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, அளவுக் கருவிகள். மைக்ரோமீட்டர், போர் கேஜ், பீலர் கேஜ் இருக்கின்றனவா? அவை துணியில் சுற்றிப் பெட்டியில் இருக்கின்றனவா, ஸ்பேனர்களோடு எண்ணெயில் கிடக்கின்றனவா? இதிலேயே பாதி தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஹோனிங். கடைந்ததோடு வேலை முடிவதில்லை. சிலிண்டர் சுவரில் குறுக்குக் கோடுகள் விழும்படி ஹோனிங் செய்ய வேண்டும். அந்தக் கோடுகளில்தான் எண்ணெய் தங்கும்.

மூன்றாவது, போர்ட் விளிம்புகள். டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் ஜன்னல் போலத் துவாரங்கள் உண்டு. கடைந்தபின் அவற்றின் விளிம்பு கத்தி போல இருக்கும். அதை மழுக்காவிட்டால் பிஸ்டன் ரிங் மாட்டி உடையும். ''விளிம்பை மழுக்குவீர்களா?'' என்று கேளுங்கள். உடனே ''ஆமாம்'' என்பவர் வேலை தெரிந்தவர். ''எதற்கு?'' என்று கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம்.

நான்காவது, கிராங்க். கனெக்டிங் ராடு மாற்றினால், பிரித்த கிராங்கை அழுத்திச் சேர்த்து, டயல் கேஜ் வைத்துச் சுற்றி நேர் பார்க்க வேண்டும். சுத்தியலால் தட்டிவிட்டு ''சரியாயிருக்கு'' என்பதை ஏற்காதீர்கள். ஆயில் சீல்களையும் அப்போதே மாற்றுங்கள். சீல் வழியாகக் காற்று புகுந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, புது பிஸ்டனும் கருகும்.

ஐந்தாவது, ரசீது. அதில் என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் எழுதி வாங்குங்கள். பழைய ஆர்.எக்ஸ். வண்டிகளின் உதிரி பாகங்களுக்குக் கிராக்கி அதிகம். நம்பர் மாறினால் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அவதிப்படப் போவது நீங்கள்தான். மாற்றிய பழைய சாமான்களையும் கேட்டு வாங்குங்கள். தேய்ந்த பிஸ்டனைப் பார்த்தாலே என்ஜினில் என்ன கோளாறு என்று விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார்.

'பறக்க' வேண்டுமா?

சரி, இளைஞர்கள் விஷயத்துக்கு வருவோம். ''போர் பெரிசு பண்ணினால் பவர் ஏறும்'' என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்.எக்ஸ். 100-ல் சிலிண்டர் விட்டம் 50 மில்லிமீட்டர். பிஸ்டன் ஓட்டமும் 50. விட்டத்தை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கினால் 98 சி.சி. என்பது 102 ஆகும். நான்கே சி.சி.! இதற்கா ஆகாயத்தில் பறப்பது?

உண்மையான வேகம் போர்ட் வேலையில்தான் இருக்கிறது. புகை வெளியேறும் போர்ட்டின் உயரத்தைக் கூட்டினால், அதிகச் சுற்றில் பலம் கூடும். ஆனால் குறைந்த சுற்றில் இழுவை போய்விடும். பந்தய மைதானத்துக்கு அது சரி. சில்க்போர்டு சந்திப்பில் ஊர்ந்து போக அது உதவுமா? அதிலும், அரத்தால் ராவிய உலோகத்தைத் திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

போர்ட்டைத் திறந்தால் கார்புரேட்டர் ஜெட்டையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். காற்று கூடி, பெட்ரோல் கூடாவிட்டால் சூடு ஏறும்; பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். இன்னொரு விஷயம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று கொஞ்சம் லேசு. இங்கே இழுத்துப் பிடித்து வைத்த ஜெட்டோடு, பொங்கலுக்கு மலையிறங்கிச் சென்னைப் பக்கம் போனால், அங்கே காற்று அடர்த்தி. கலவை இன்னும் மெலியும். ஊர் போய்ச் சேரும் முன்பே என்ஜின் இறுகிவிடலாம். ஆகவே, ''எங்கே ஓட்டப் போகிறீர்கள்?'' என்று கேட்காத பட்டறைக்காரரிடம் வேக வேலையைக் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே யமஹாவின் 'பேன்ஷீ' என்ற நாலு சக்கர ஏ.டி.வி. 1987 முதல் 2006 வரை விற்றது. 347 சி.சி., இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். 1983-ல் எஸ்கார்ட்ஸ் இங்கே இறக்கிய ராஜ்தூத் 350-க்கு உறவுக்கார என்ஜின். நம்முடையது காற்றில் ஆறும், அது தண்ணீரில் ஆறும். மணல்மேட்டில் ஏறவும் பந்தயம் விடவும் அந்த என்ஜின்களைப் பலம் கூட்டிக் கட்டுகிறார்கள். மணலுக்குக் கட்டிய என்ஜின் காட்டுப் பாதைக்கு ஆகாது. அங்கேயும் நல்ல பட்டறைக்காரர் முதலில் கேட்பது, எங்கே ஓட்டுகிறீர்கள், என்ன பெட்ரோல், எவ்வளவு உயரத்தில் உள்ள ஊர் என்றுதான்.

சட்டமும் உண்டு

தேய்ந்த என்ஜினைக் கம்பெனி அனுமதித்த அளவுக்குள் கடைவது பழுதுபார்ப்பு. ஆனால், வண்டியின் அடிப்படை விவரங்கள் மாறும்படி செய்வதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. காதைப் பிளக்கும் சைலன்சருக்கு அபராதம் தனி. விபத்து நேர்ந்தால் இன்சூரன்சிலும் வில்லங்கம் வரலாம். வேகம்தான் வேண்டும் என்றால், அதற்கு இருங்காட்டுக்கோட்டையும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இருக்கின்றன. பஸ்சும் லாரியும் ஓடும் ஓசூர் ரோடு அதற்கான இடம் அல்ல.

கடைசிக் கட்டம்

என்ஜினை வாங்கிய அன்றே முறுக்கிவிடாதீர்கள். ஆர்.எக்ஸ். வண்டியில் எண்ணெயைத் தனியாகப் பம்பு செலுத்துகிறது. பிரித்து மாட்டியபின் அந்தக் குழாயில் காற்று நிற்கும். அதை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இல்லையேல் முதல் நாளே எண்ணெய் இல்லாமல் ஓடும். முதல் சில நூறு கிலோமீட்டர் நிதானமாக, ஒரே வேகத்தில் பிடிக்காமல் ஓட்டுங்கள். சூடேறினால் நிறுத்தி ஆற விடுங்கள்.

அந்தப் பெரியவர் கட்டிக்கொடுத்த என்ஜின் முன்பு போலப் பறக்கவில்லை. கம்பெனி கொடுத்தபடி ஓடுகிறது. எனக்கு அது போதும். அவர் அன்று அளந்து எழுதிய தாளை ஆர்.சி. புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நம் ஊர்க்காரர்களில் கைதேர்ந்த மெக்கானிக்குகள் எத்தனையோ பேர் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். அவர்களிடமே கொடுங்கள், தாராளமாக. ஆனால், ஊரைக் கேட்பதற்கு முன்னால் அளவைக் கேளுங்கள்!

மனைவி நான்கு மாதம் பஸ்சில்தான் வந்தாள். தீபாவளிக்கு முதல் நாள், ஜவுளி எடுக்கக் கிளம்பும்போது, ''அந்த ஆள் அளந்துதானே போட்டார்?'' என்று கேட்டாள். ''ஆமாம்'' என்றேன். பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.