சினிமா சங்கிலியும் நிஜ வைத்தியமும்

சில மாதங்களுக்கு முன் ஒரு காலை நேரம். பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டும் குடும்பத்து அம்மா ஒருவர், இருபத்திரண்டு வயது மகனை அழைத்துக்கொண்டு என் வைத்தியசாலைக்கு வந்தார். பையன் மூன்று மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை, குளிப்பதில்லை. யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொல்லிக் காதைப் பொத்திக்கொள்கிறான்.

"ஐயா, 'சேது' படத்துல வருமே, அந்த மாதிரி மடம் எங்கயாச்சும் இருக்குதா? கொண்டு போய் விட்டா சரியாப் போயிடுமா?" என்றார்.

திடுக்கிட்டுப் போனேன். அந்தப் படம் வந்தது 1999-ல். அதில் வந்த சங்கிலி இன்னும் நம் மக்கள் மனதை விட்டு அகலவில்லை!

வழக்கமான பாதையை விட்டு விலகிய படங்கள் தமிழில் உண்டு. 1954-லேயே பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' எடுத்தார் எஸ். பாலசந்தர். பின்னாளில் அப்படிப் புதுமை தேடிய சிலர் மனநோயையும் கதைக்கு நடுவே வைத்தார்கள். சிறு வயதுக் காயம் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று பேசியது பாலுமகேந்திராவின் 'மூடுபனி' (1980). இல்லாததை இருப்பதாக நம்பும் ஒருவனின் தவிப்பைக் காட்டியது பார்த்திபனின் 'குடைக்குள் மழை' (2004). 'பைத்தியம்' என்றாலே சிரிப்புக் காட்சிதான் என்ற பழக்கத்தை மாற்றியதற்காக இவர்களைப் பாராட்டலாம்.

ஆனால் சறுக்கலும் உண்டு. 'மூடுபனி'யின் நாயகன் கொலைகாரன். நிஜத்தில் மனநோயாளிகளில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அடி வாங்குபவர்கள்தான் அதிகம். 'மூன்றாம் பிறை'யில் (1982) ஒரே நாள் வைத்தியத்தில் ஸ்ரீதேவிக்கு நினைவு திரும்பிவிடும். அதைப் பார்த்துவிட்டு, "ஒரே வேளை மருந்துல குணமாயிடுமா?" என்று கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களைப் பதினெட்டாகப் பிரிக்கிறது. வகை பார்த்துத்தான் வைத்தியம். எல்லோருக்கும் ஒரே சங்கிலி அல்ல!

சங்கிலியின் விலை என்ன தெரியுமா? 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைக் கட்டி வைத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். 28 பேர் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, நோயாளியைச் சங்கிலியால் கட்டவே கூடாது.

அந்த அம்மாவுக்கு இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னேன். பையனைத் திருவள்ளூரில் ஒரு மனநல மருத்துவரிடம் அனுப்பி வைத்தேன். சாப்பாடு, தூக்கம், எண்ணெய்க் குளியல் என்று துணைக்கு மட்டுமே நான் இருக்கிறேன். போன வாரம் வந்திருந்தான். முழுதும் குணமாகிவிட்டான் என்று சொல்லமாட்டேன். ஆனால் ராத்திரி தூங்குகிறான். பாதி நாள் தறியில் நிற்கிறான்.

வீட்டில் கவனியுங்கள்

* தூக்கம் கெடுதல், தனிமை, காதில் குரல் கேட்பது இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தாமதிக்காதீர்கள்.

* 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்' என்று மறைக்காதீர்கள்.

* மனநல மருத்துவர் தந்த மாத்திரையை, சித்த மருந்து சாப்பிடுகிறோமே என்று நீங்களாக நிறுத்தாதீர்கள்.

* எந்த நேரமும் 14416 என்ற இலவச எண்ணில் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள்.

படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுங்கள், தப்பில்லை. வைத்தியத்தை மட்டும் தியேட்டரில் கற்றுக்கொள்ளாதீர்கள்!