குட்டியானைக்குப் புது பெயின்ட் அடிக்கப்போறீங்களா? கலரை அப்புறம் பார்க்கலாம், முதல்ல ப்ரைமர்!

செகண்ட் ஹேண்ட்ல ஒரு குட்டியானை வாங்கிட்டீங்க. இன்ஜின்ல பெருசா குறை இல்லை, லோடும் நல்லா இழுக்குது. ஆனா, வெளியில இருந்து பார்த்தா பாவமா இருக்கு. கதவுக்குக் கீழே துரு, லோடு பாடி ஓரமெல்லாம் கொப்புளம், ஒரு காலத்துல பளிச்னு இருந்த வெள்ளை இப்போ தொட்டா சுண்ணாம்பு மாதிரி கையில ஒட்டுது. எஃப்.சி-க்கு வேற நாள் நெருங்குது. பட்டறையில போய் நின்னதும் பெயின்டர் அண்ணன் கேக்குற முதல் கேள்வி, "என்ன கலர் தம்பி?"

உடனே பதில் சொல்லிடாதீங்க. நீங்க திருப்பிக் கேளுங்க, "அண்ணே, அடியில என்ன ப்ரைமர் போடுவீங்க?"

எட்டு வருஷம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. அதனாலயே பட்டறைகள்ல 'எஃப்.சி. பெயின்ட்'னு தனியா ஒரு ரகம் உருவாகிடுச்சு. துருவை மேலோட்டமா தேய்ச்சு, பட்டி தடவி, பளபளன்னு ஒரு கோட். இன்ஸ்பெக்ஷன் அன்னிக்கு வண்டி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். அடுத்த மழைக்காலம் முடியுறதுக்குள்ள அதே இடத்துல கொப்புளம் வரும். நண்பர் ஒருத்தர் ரெண்டு வருஷத்துல மூணு தடவை இப்படி அடிச்சார். மூணு தடவை கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தா, முறையா ஒரு தடவை அடிச்சிருக்கலாம். பட்டறைக்காரரை மட்டும் குறை சொல்லி என்ன பண்றது? சீக்கிரமா, சீப்பா வேணும்னு கேட்டதே இவர்தான்.

பழைய பெயின்ட் என்னன்னு தெரியுமா?

புது பெயின்ட்டைத் தேர்ந்தெடுக்கிறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே வண்டி மேல இருக்கிறது என்னன்னு தெரியணும். ஒரு துணியில தின்னரை நனைச்சு, கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில கொஞ்ச நேரம் அழுத்தித் தேய்ங்க. கலர் கரைஞ்சு துணியில வந்தா, அது என்.சி. மாதிரி சும்மா காத்துல காயுற ரகம். சுருங்கி, தோல் மாதிரி எழும்பினா பழைய எனாமல். ஒண்ணுமே ஆகலைன்னா கம்பெனி பெயின்ட் அல்லது ஹார்டனர் கலந்து அடிச்ச பி.யூ. கரையுற, சுருங்குற பெயின்ட்டுக்கு மேல பி.யூ. அடிச்சா, அதுல இருக்கிற தின்னர் அடிப்படையையே கிளப்பிவிடும். புது பெயின்ட் அடிச்ச கொஞ்ச நேரத்துலயே சுருக்கம் விழுறது பெரும்பாலும் இப்படித்தான். அந்த மாதிரி இடத்துல சுரண்டி எடுத்துட்டு தகரத்துல இருந்து ஆரம்பிக்கிறதுதான் நிம்மதி.

அப்படியே ஒரு காந்தத்தையும் எடுத்துட்டுப் போங்க. ஒட்டாத இடத்துலயெல்லாம் முந்தின ஓனர் பட்டியை அப்பி வெச்சிருக்கார்னு அர்த்தம்.

எல்லாமே ப்ரைமர்லதான் இருக்கு

தகரம் வெளியே தெரியுற இடத்துக்கு என் ஓட்டு எபாக்ஸி ப்ரைமருக்குத்தான். ரெண்டு டப்பா வரும், ஹார்டனர் கலந்து அடிக்கணும். தகரத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கும், தண்ணியை உள்ளே விடாது. மீன் லோடு அடிக்கிறவங்க, கடற்கரை ஊர்ல ஓட்டுறவங்க இதுல கஞ்சத்தனமே பண்ணாதீங்க. உப்புத்தண்ணி ஒரு சின்ன ஓட்டை கிடைச்சாலும் விடாது.

ஆசிட் கலந்த எட்ச் ப்ரைமர்னு ஒண்ணும் இருக்கு. அதுவும் தகரத்தை நல்லாவே பிடிக்கும். ஆனா, அதுக்கு மேல நேரடியா பட்டி வைக்கக் கூடாது, எபாக்ஸியும் பொதுவா ஒத்துவராது. ரெண்டும் நல்லதுதானேன்னு ஒண்ணு மேல ஒண்ணு அடிச்சா, ரெண்டுமே வீண். ஒண்ணை முடிவு பண்ணுங்க.

அப்போ நம்ம ஊர் ரெட் ஆக்ஸைடு? அது கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். சேஸிஸ்ல அடிச்சு, மேல எனாமல் கொடுக்க அது போதும். கேபின்ல அதை அடிச்சுட்டு மேல பி.யூ. போடுறதுதான் தப்பு. மேலே சொன்ன அதே சுருக்கக் கதைதான்.

பட்டி பத்தி ஒரு விஷயம். பட்டி தண்ணியை உறிஞ்சும். அதனால அதைத் தண்ணி ஊத்தித் தேய்க்கக் கூடாது, உலர்வாத்தான் தேய்க்கணும். ஈரத்தை உள்ளே வெச்சு மூடிட்டா, துரு உள்ளேயிருந்து வேலையைக் காட்டும். எபாக்ஸி அடிச்சுக் காயவிட்டு, லேசா தேய்ச்சு, அதுக்கு மேல பட்டி வெச்சா இன்னும் பாதுகாப்பு. பட்டி சமமானதும் சர்ஃபேஸர்னு சொல்ற ஃபில்லர் ப்ரைமர் ஒண்ணு அடிப்பாங்க. அதை 400 நம்பர்ல ஆரம்பிச்சு 600, 800 வரைக்கும் தேய்ச்சாதான் மேல் கலர் வழவழன்னு உட்காரும்.

கலருக்கு க்ளியர் கோட் வேணுமா, வேண்டாமா?

இங்கதான் நிறைய பேர் தேவையில்லாம செலவு பண்றாங்க. வெள்ளை, மஞ்சள், சிவப்பு மாதிரி ப்ளெய்ன் கலர்னா, ஒரே பெயின்ட்ல கலரும் பளபளப்பும் சேர்ந்து வர்ற பி.யூ. போதும். ஹார்டனர் கலந்து ரெண்டு, மூணு கோட். க்ளியர் தனியா வேண்டாம். உழைக்கிற வண்டிக்கு இன்னொரு வசதி, நாளைக்கு ஒரு கீறல் விழுந்தா அந்த இடத்தை மட்டும் சரி பண்றதும் சுலபம்.

சில்வர், கிரே மாதிரி மெட்டாலிக் கலர்னா கதையே வேற. அந்த பேஸ் கோட் காஞ்சதும் மங்கலா இருக்கும், அதுக்குத் தானா பளபளப்பும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது. மேல க்ளியர் கட்டாயம். வெயிலோட புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிற பொருள் இருக்கிறதும் அந்த க்ளியர்லதான். 'ஒரு கோட் போதும் தம்பி'னு சொன்னா ஒத்துக்காதீங்க, ரெண்டு கோட். கேபின் கூரையில அதிகமா வெயில் விழும், முதல்ல உரியுறதும் அங்கதான். லோடு பாடி உள்பக்கத்துக்கு க்ளியர் அடிக்கிறது சுத்த வேஸ்ட். முதல் சிமென்ட் மூட்டையிலயே போயிடும்.

ப்ரைமர், கலர், ஹார்டனர், க்ளியர் நாலும் ஒரே கம்பெனியா இருக்கட்டும். எந்த அளவுல கலக்கணும், ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் எவ்வளவு இடைவெளி விடணும்னு அந்த கம்பெனியோட டேட்டா ஷீட்ல இருக்கும். போன்லயே பார்த்துக்கலாம். 'கண் அளவு'ல ஹார்டனர் கலக்குற பட்டறைன்னா, வண்டியைத் திருப்பிட்டு வந்துடுங்க. அடைமழைக் காலத்துலயும் அடிக்காதீங்க. ஈரக் காத்துல பெயின்ட் வெளுத்துப்போகும்.

அந்த அண்ணனோட நுரையீரல்

பி.யூ. ஹார்டனர்ல ஐசோசயனேட்னு ஒரு ரசாயனம் இருக்கு. ஸ்ப்ரே பண்ணும்போது அது மூச்சுல போனா ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை உடம்புக்கு ஒவ்வாம போயிட்டா, அப்புறம் துளியூண்டு பட்டாலே இழுப்பு வரும். வாசனையை வெச்சும் கண்டுபிடிக்க முடியாது, மூக்குக்குத் தெரியுறதுக்கு முன்னாடியே அளவு தாண்டியிருக்கும். ஐரோப்பாவுல 2023 ஆகஸ்ட்ல இருந்து, பயிற்சி எடுக்காத தொழிலாளி இதைத் தொடவே கூடாதுன்னு விதி. நம்ம பட்டறைகள்ல? மூக்குல ஒரு கைக்குட்டை. அது இதுக்குப் பத்தவே பத்தாது, துணி மாஸ்க்கும் பத்தாது. வெளியிலேர்ந்து சுத்தமான காத்தைக் கொடுக்கிற மாஸ்க்தான் சரி. அது இருக்கிற பட்டறை கொஞ்சம் கூடக் கேட்டாலும் அங்கேயே கொடுங்க. காசை மிச்சம் பண்ண நீங்களே வீட்டு வாசல்ல நின்னு பி.யூ. ஸ்ப்ரே பண்ற ஐடியா இருந்தா, ப்ளீஸ், வேண்டாம்.

பழைய பெயின்ட்டைத் தேய்க்கும்போது பறக்குற தூசியும் லேசுப்பட்டது இல்ல. வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம்-மைத் தாண்டக் கூடாதுன்னு 2017 நவம்பர்ல இருந்து இந்தியாவுல விதி இருக்கு. அது வீட்டு, அலங்கார பெயின்ட்டுக்கு மட்டும்தான், வண்டி பெயின்ட்டுக்கு இல்லை. அதனால பழைய பெயின்ட்டை மட்டும் தண்ணி ஊத்தித் தேய்க்கச் சொல்லுங்க. பட்டி வைக்கிறதுக்குள்ள நல்லா காஞ்சிடணும். குழந்தைங்க பக்கத்துல வேண்டாம்.

சரி, இப்போ கலருக்கு வரலாம். ஆர்.சி-ல இருக்கிற அதே கலர்னா பிரச்னையே இல்லை. மாத்துறதா இருந்தா, அடிக்கிறதுக்கு முன்னாடியே ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல கேட்டு ஆர்.சி-ல பதிஞ்சுடுங்க, இன்ஷூரன்ஸ்லயும் சொல்லிடுங்க. ஆலிவ் பச்சை மட்டும் கிடைக்காது. அது ராணுவ வண்டிக்கு மட்டும்தான்.

அடிச்சு முடிச்சதும் கை வெச்சா காஞ்ச மாதிரிதான் இருக்கும். ஆனா, காத்துல காய விட்டது முழுசா இறுக ஒரு வாரம் ஆகும். அதுவரைக்கும் பிரஷர் வாட்டர் வாஷ், தார்ப்பாய்க் கயிறு ரெண்டையும் தள்ளிப்போடுங்க. சாமி ஸ்டிக்கர், ஊர் பேர், காதலி பேரோட முதல் எழுத்து எல்லாம் அதுக்கப்புறம். ரிஃப்ளெக்டர் டேப்பும் பழசைப் பிச்சு எடுத்திருப்பாங்க. முன்னாடி வெள்ளை, பக்கத்துல மஞ்சள், பின்னாடி சிவப்புன்னு புதுசா ஒட்டிட்டு, அப்புறமா எஃப்.சி-க்கு வண்டியை எடுங்க.