300 ஓம் ஹெட்போனும் வால்வு ஆம்பும்

1952இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஓரங்கட்டியபோது தூத்துக்குடிக் கரை அதிகம் கவலைப்படவில்லை. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இலங்கை வானொலி இருந்தது. துறைமுகத் தெருக்களிலும், திருநெல்வேலிச் சாலையில் இருக்கும் புதுக்கோட்டை போன்ற ஊர்களிலும் அந்தப் பாட்டு வந்து சேர்ந்தது வால்வு ரேடியோ வழியாகத்தான். குமிழைத் திருகினால் உடனே பாடாது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் செக்கச்செவேலெனச் சூடேறும்வரை அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். கோயில் கொடைக்கு வந்த மைக் செட்டின் ஆம்ப்ளிஃபயரும் அதே இனம்தான்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்ஸிஸ்டர் பிறந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் வால்வு வீட்டு ரேடியோவைவிட்டுப் போனது. ஆனால் உலகைவிட்டுப் போகவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வரும் பல கப்பல்களின் ரேடாரிலும், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பிலும் உள்ள மேக்னெட்ரானும் வால்வைப் போலவே ஒரு வெற்றிடக் குழாய்தான். இப்போது வால்வு திரும்பி வந்திருக்கும் இன்னோர் இடம், விலையுயர்ந்த ஹெட்போன் வைத்திருப்பவர்களின் மேசை. 1991இல் செனைசர் நிறுவனம் முந்நூறே எண்ணிக்கையில் வெளியிட்ட ஆர்ஃபியஸ் ஹெட்போனுக்குத் துணையாக வந்தது வால்வு ஆம்ப். அதன் வாரிசான ஹெச்இ 1இல், பளிங்குப் பீடத்திலிருந்து எட்டு வால்வுகள் மெல்ல எழும்பி வரும்.

உள்ளே நடப்பது எளிய சங்கதி. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் கேத்தோடு என்ற உலோகத் துண்டு சூடேறி எலக்ட்ரான்களை உமிழும். எதிரே நேர்மின் தகடு அவற்றை இழுக்கும். 1904இல் ஜான் ஃபிளெமிங் கண்ட குழாயில் இவ்வளவுதான். 1906இல் லீ டி ஃபாரஸ்ட் இரண்டுக்கும் நடுவில் கிரிட் என்ற கம்பி வலையை வைத்தார், கதை மாறியது. உப்பளத்தில் மடையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் பாத்திக்குப் பாயும் நீர் முழுவதும் கூடிக் குறைவதைப் போல, கிரிட்டில் ஏறும் சிறிய மின்னழுத்தம் பெரிய எலக்ட்ரான் ஓட்டத்தை ஆட்டி வைக்கிறது. ஒலி பெருகுவது அங்கேதான்.

பெருகும்போது ஒலி கொஞ்சம் திரிவதும் உண்டு. இன்றைய நல்ல டிரான்ஸிஸ்டர் ஆம்பில் இந்தத் திரிபு 0.001 சதவீதத்துக்கும் கீழே. வால்வில் அது பல மடங்கு அதிகம், சிலவற்றில் ஒரு சதவீதத்தைத் தொடும். ஆனால் அது எந்த வகைத் திரிபு என்பதைப் பார்க்க வேண்டும். மூன்று முனை வால்வான டிரையோடு முக்கியமாகச் சேர்ப்பது இரட்டை அதிர்வெண்ணை. ஒருவர் சட்ஜம் பாடினால் கூடவே மேல் சட்ஜம் மெலிதாக ஒட்டிக்கொள்ளும். மூன்று மடங்கு அதிர்வெண்ணில் கிடைப்பது மேல்ஸ்தாயிப் பஞ்சமம். ஐந்து மடங்கில் கிடைப்பதோ தம்புராவில் தானே ஒலிக்கும் அந்தர காந்தாரம். இவையெல்லாம் நம் காதுக்குப் பழகிய உறவுகள். அதனால்தான் வால்வின் ஒலி ‘நிறைவாக’ இருப்பதாகப் பலரும் சொல்கிறார்கள். அது ஒலியின் உண்மை அல்ல, சேர்த்த நிறம் என்பதைத் தெரிந்துகொண்டே விரும்பலாம். ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் இழையும் 1962ஆம் ஆண்டுப் பாட்டைப் போன்ற பழைய ஒலிப்பதிவுகளுக்கு இந்த நிறம் பொருந்தும். நவீனப் பதிவில் தாளக்கருவிகளின் கூர்மையைக் கேட்க விரும்புகிறவருக்கு அதே நிறம் இடைஞ்சல்.

ஆனால் வால்வு ஆம்ப் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, ஓமை.

ஹெட்போன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ஓம் என்பது அது மின்சாரத்துக்குக் காட்டும் மறுப்பு. ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்போன் 31 மில்லிவாட் எடுத்துக்கொள்ளும். செனைசர் ஹெச்டி 600, 650 ஆகியவை 300 ஓம். அவை எடுப்பது 3.3 மில்லிவாட். பேயர்டைனமிக் டிடி 880இன் 600 ஓம் வடிவம் எடுப்பது 1.7 மட்டுமே. ஆகவே இவற்றுக்கு வேண்டியது வோல்ட் மிகுதி. கைப்பேசியிடம் அது இல்லை. வால்வோ வோல்ட்டை அள்ளித் தரும், ஆம்பியரில்தான் கஞ்சம். ஓம் அதிகமான ஹெட்போனும் வால்வும் ஒன்றுக்கொன்று பொருந்துவதற்கு இதுவே காரணம். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஓடிஎல் வகை ஆம்புகள் இந்தப் பொருத்தத்தை நம்பியே கட்டப்படுகின்றன. அவற்றில் அடிக்கடி வரும் 6ஏஎஸ்7ஜி, 6080 ஆகிய வால்வுகள் இசைக்காகப் பிறந்தவை அல்ல, மின்வழங்கிகளில் மின்னழுத்தத்தைச் சீராக்கப் பிறந்தவை என்பது ஒரு சுவையான செய்தி.

ஓடிஎல் ஆம்புக்கும் சொந்தமாக ஒரு மறுப்பு உண்டு. பலரும் வீட்டிலேயே கட்டும் பாட்டில்ஹெட் கிராக் என்ற கிட்டில் அது சுமார் 120 ஓம். ஹெச்டி 650இன் மறுப்பு எல்லா சுருதியிலும் 300 அல்ல. 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறக்குறைய 500 வரை உயரும். அந்த இடத்தில் ஹெட்போனுக்குப் போகும் பங்கு கூடி, கீழ் சுருதி சுமார் ஒரு டெசிபெல் தூக்கலாகக் கேட்கும். வால்வின் ‘இதமான பேஸ்’ என்று புகழப்படுவதில் ஒரு பகுதி இந்தச் சாதாரணக் கணக்குதான். அதே ஆம்பில் 32 ஓம் ஹெட்போனைச் செருகினால் வோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் அதற்குச் சேரும்; மீதி ஆம்புக்குள்ளேயே வீணாகும். ஆம்பின் மறுப்பு ஹெட்போனின் மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்குமேல் போகக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். 300 ஓம்காரர் இதை ஓரளவு மீறலாம். ஆடிசி, ஹைஃபைமேன் போன்ற பிளானர் ஹெட்போன்களும், காதுக்குள் செருகும் இயர்போன்களும் மீறக் கூடாது. அவற்றுக்கு டிரான்ஸிஸ்டர் ஆம்போ, டிரான்ஸ்ஃபார்மர் வைத்த வால்வு ஆம்போதான் சரி. மலிவான சில பெட்டிகளில் வால்வுக்கு அடியில் எல்இடி விளக்கை வைத்து ஒளிரச் செய்கிறார்கள். அந்த வெளிச்சத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வால்வு நமக்கு அந்நியப் பொருளும் அல்ல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று கோவை ஜி.டி. நாயுடு 1941இல் அறிவித்தார். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. அங்கே செய்த இஎல்84 வால்வுகளை வெளிநாட்டு ரசிகர்களும் இன்று தேடி வாங்குகிறார்கள். பழைய ரேடியோ பழுது பார்த்த கடைகளில் பிரிக்காத பெட்டி கிடைத்தால் விடக் கூடாது. புதிதாக இன்று வால்வு செய்யும் பெரிய ஆலைகள் ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா என்று சில நாடுகளில்தான் உள்ளன. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வால்வுகளின் வரத்து தடுமாறி விலை ஏறியது.

வாங்கியபின் இரண்டு எச்சரிக்கைகள். வால்வு ஆம்பின் உள்ளே 150 முதல் 300 வோல்ட் வரை ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் மூடியைக் கழற்றக் கூடாது. அடுத்தது கடற்கரைக்கே உரியது. உப்புக்காற்று வால்வின் கால்களையும் சாக்கெட்டையும் மெல்ல அரிக்கும். கரகரப்பு கேட்டால் உடனே வால்வைக் குறை சொல்லாமல், மின்சாரத்தை நிறுத்தி, நன்கு ஆறவிட்டு, வால்வை உருவி, அதன் கால்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் பார்க்கலாம். வால்வின் உச்சியில் கண்ணாடிபோல் மின்னும் பேரியப் பூச்சையும் கவனிக்க வேண்டும். உள்ளே மிஞ்சும் வாயுவை விழுங்குவதற்காக வைத்த பூச்சு அது. வெள்ளியாக இருந்தால் வெற்றிடம் பத்திரம். பால்போல் வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வை மாற்றத்தான் வேண்டும்.