தொட்டி ஒருமுறைச் செலவு, தண்ணீர் தொடர் செலவு

சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் பேரம் பேசுவோர் தொட்டியின் விலையையே பேசுகிறார்கள். பணத்தைத் தின்பது அதன்பின் வரும் மாதங்கள்தான். 500 லிட்டர் நன்னீர்த் தொட்டியில் 40 வாட் ஃபில்டர் இரவுபகலாக ஓடினால் மாதம் சுமார் 29 யூனிட். 100 வாட் விளக்கு தினம் 8 மணி நேரம் எரிந்தால் இன்னும் 24. ஃபில்டரில் வாழும் பாக்டீரியா மீன்கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுமே தவிர, நைட்ரேட்டை வெளியேற்றாது. அதற்கு வாரம் கால்பங்கு நீரை மாற்ற வேண்டும்; மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு முழுத் தொட்டி. போர் தண்ணீர் உப்பென்று ஆர்.ஓ. வைத்தால், கழிவாகப் போகும் நீரும் கணக்கில் சேரும்.

பெரிய தொட்டியில் நீரின் தன்மை சட்டென்று மாறாது, ஆகவே பராமரிப்பு எளிது என்பார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் மாற்றும் நீரும் மருந்தும் கொள்ளளவோடு சேர்ந்தே கூடுகின்றன. மீனைக் குறைத்தால் நீர்மாற்றம் குறையும். மின்சாரம் பெரிதாகக் குறையாது. பவளத் தொட்டியென்றால் கதையே வேறு: லிட்டருக்கு 35 கிராம் வீதம் மாதம் ஏறக்குறைய 17.5 கிலோ உப்பு கரையும். பவளத்துக்கு 26 டிகிரி போதும். சென்னைக் கோடை நீரை அந்த அளவில் நிற்க விடாது. நீரைக் குளிர்விக்கும் 300 வாட் சில்லர் தினம் 12 மணி நேரம் ஓடினாலே மாதம் 108 யூனிட். வாங்குமுன் கேட்க வேண்டியது தொட்டியின் விலையை அல்ல, இந்த யூனிட் கணக்கைத்தான்.