மான் வேட்டைக்கு மூட்டை கட்டும் முன்: நியூசிலாந்து மலைக்காட்டில் உரிமைகளும் ஆபத்துகளும்

இந்தியாவில் மானைச் சுட்டால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்குப் போக நேரிடும். நியூசிலாந்திலோ அரசுக் காட்டின் பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் மான் சுடலாம்; எத்தனை சுடலாம் என்ற வரம்பும் பொதுவாக இல்லை. அந்த நாட்டு மண்ணில் இயற்கையாக வாழ்ந்த நிலப் பாலூட்டி வௌவால் மட்டுமே. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் குடியேறிகள் கொண்டுவந்து விட்ட செம்மான்கள் பெருகிக் காட்டை மேய்ந்து தீர்க்கத் தொடங்கின. 1930களில் அரசே சம்பளத்துக்கு ஆள் வைத்து அவற்றைச் சுட்டது.

வேலைக்கோ படிப்புக்கோ அங்கே போனவர்களை நண்பர்கள் வேட்டைக்கு அழைக்கக்கூடும். அனுமதி இலவசம், மீட்புக்குக் கட்டணம் இல்லை, விபத்துச் சிகிச்சைக்கு அரசு நிதி என்று சலுகைகள் தாராளம். ஆனால் காலை முறித்துக்கொண்டு பள்ளத்தாக்கில் கிடப்பவரிடம் உதவி வந்து சேர மணிக்கணக்காகும். வானிலை கெட்டால் இரவும் கழியும். அந்த இடைவெளியைத் தாண்டினால்தான் சலுகைகளால் பயன். முதுகுப்பையில் எதை வைப்பது, எதை விடுவது என்பதை அதை நினைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

அனுமதியும் உரிமமும்

இயற்கைப் பாதுகாப்புத் துறையின் நிலத்தில் வேட்டையாட அனுமதிச் சீட்டு கட்டாயம். பொதுப் பகுதிகளுக்கு இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். ஃபியோர்ட்லாந்தின் வாபிட்டி மான் பகுதி போன்ற சில இடங்களுக்குப் பருவகாலத்தில் குலுக்கல் முறை உண்டு. சீட்டை வேட்டையின்போது உடன் வைத்திருக்க வேண்டும். குடில், நடைபாதை, முகாம், சாலை முடிவிடம் ஆகியவற்றின் அருகே சுடுவதற்கும், இரவில் விளக்கடித்துச் சுடுவதற்கும் தடை உள்ளது. நாயை அழைத்துச் செல்வதற்கும் அனுமதி தேவை. தனியார் நிலத்தில் உரிமையாளரின் சம்மதமின்றி வேட்டையாடுவது குற்றம்.

துப்பாக்கி உரிமம் 16 வயதிலிருந்து பெறலாம். வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குப் பார்வையாளர் உரிமம் இருக்கிறது. பயணத்துக்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது. உரிமம் இல்லாதவர் சாதாரண வேட்டைத் துப்பாக்கியைத் தொட வேண்டுமானால், உரிமம் உள்ளவர் கையெட்டும் தூரத்தில் நின்று முழுக் கவனத்தையும் அவர்மீது வைத்திருக்க வேண்டும். “நீ அந்தப் பக்கம் போ, நான் இந்தப் பக்கம் வருகிறேன்” என்று நண்பர் துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பினால், மறுக்க வேண்டியது நீங்கள்தான். தோட்டா வைத்திருக்கவும் உரிமம் தேவை.

ஆபத்து எங்கிருந்து வருகிறது

முதலாவது, ஆறு. நாட்டின் மேற்குக் கடற்கரைப் பகுதியில் மழை கொட்டினால் முழங்கால் அளவு ஓடை சில மணி நேரத்தில் கடக்க முடியாத வெள்ளமாகும். மழை நின்றால் அதே வேகத்தில் வடியவும் செய்யும். ஒருநாள் கூடுதல் உணவு பையில் இருப்பவர் கரையில் காத்திருப்பார். திங்கட்கிழமை வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்பவர் இறங்குவார்.

இரண்டாவது, குளிர். உறைநிலைக்கு மேலேயே, நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பேச்சு குளறுதல், கால் தடுமாறுதல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை முதல் அறிகுறிகள். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நிலைமை மோசமாகிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது, மான் என்று நினைத்து மனிதரைச் சுடுவது. சுட்டவரும் விழுந்தவரும் பெரும்பாலும் ஒரே குழுவைச் சேர்ந்த நண்பர்கள். மார்ச், ஏப்ரலில் ஆண் மான்கள் கத்தும் ‘ரோர்’ பருவத்தில் வேட்டைக்காரர்களும் அதே குரலில் கத்தி மானை அழைப்பார்கள். புதருக்குள்ளிருந்து வரும் குரல் யாருடையது என்று தெரியாது. அசைவு, நிறம், சத்தம், கொம்பின் நுனி எதுவும் போதாது. விலங்கு முழுமையாகத் தெரியாதவரை அது மனிதர் என்றே கொள்ள வேண்டும். கூட வந்தவர் எங்கே என்று தெரியாமல் போனால், அவரைப் பார்க்கும்வரை வேட்டையை நிறுத்துங்கள். அஜாக்கிரதையாகச் சுட்டுக் காயமோ மரணமோ ஏற்படுத்தினால் சிறைத் தண்டனைவரை போகும்.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாதது. எலி, போசம் (possum) போன்ற விலங்குகளை ஒழிக்க ‘1080’ என்ற நஞ்சு காடுகளில் தூவப்படுகிறது. எந்தப் பகுதியில் எச்சரிக்கை அமலில் இருக்கிறது என்பதைத் துறை வெளியிடும். அந்தப் பகுதியில் மான் இறைச்சி எடுக்கக் கூடாது. நஞ்சால் செத்த விலங்கைத் தின்னும் நாய் பிழைப்பது அரிது.

பையில் என்ன இருக்க வேண்டும்

போகும்போது உள்ள எடையை மட்டும் பார்க்காதீர்கள். பெரிய செம்மானின் இறைச்சி, எலும்பு நீக்கிய பிறகும் முப்பது கிலோவைத் தாண்டலாம். களைத்த காலும் கூடிய சுமையும் சேரும் திரும்பும் வழியில் சறுக்குவது எளிது. ஆகவே வசதிப் பொருள்களைக் குறையுங்கள். கீழே உள்ளவற்றைக் குறைக்காதீர்கள்.

- அவசர பீக்கன்: 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் செயற்கைக்கோள் வழியே மீட்பு மையத்துக்குச் செய்தி அனுப்பும் கருவி. வாடகைக்கும் கிடைக்கும். சொந்தமாக வாங்கினால் இலவசமாகப் பதிவுசெய்யுங்கள். பைக்குள் வைக்காமல் உடம்போடு வைத்திருங்கள். ஆற்றில் பை போனாலும் அது போகாது.
- உடை: கம்பளி அல்லது பாலிப்ரொப்பிலீன் உள்ளாடை, கதகதப்பான மேலாடை, மழைச்சட்டை, தொப்பி, கையுறை. பருத்தியும் ஜீன்ஸும் வேண்டாம்; நனைந்தால் சூட்டை உறிஞ்சிவிடும்.
- பளிச்சென்ற நிறம்: ஆரஞ்சு போன்ற நிறம் மனிதக் கண்ணுக்குத் தனித்துத் தெரியும், மானுக்கு அவ்வாறு தெரியாது. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் அணியுங்கள். தோளில் சுமக்கும் இறைச்சி, கொம்பின் மீதும் அதே நிறத் துணியைக் கட்டுங்கள்.
- நீர் புகாத உள்ளுறை: முதுகுப்பைக்குள் போடும் கனத்த பிளாஸ்டிக் உறை. தூக்கப்பை உலர்ந்திருக்கும்; அவசரத்தில் ஆளே உள்ளே நுழைந்து காற்றைத் தடுக்கலாம்.
- தங்கலும் உணவும்: குடிலை நம்பினாலும் தார்ப்பாய் ஒன்று, ஒருநாள் கூடுதல் உணவு, அடுப்பு, தீ மூட்டும் பொருள். ஓடைத் தண்ணீரை மூன்று நிமிடம் கொதிக்க வையுங்கள்.
- முதலுதவி: மானை அறுக்கும்போது கத்தி கையிலோ தொடையிலோ பாய்வதுண்டு. இரத்தத்தை அழுத்தி நிறுத்தும் கட்டுத்துணி அவசியம்.
- வழிகாட்டி: காகித வரைபடம், திசைகாட்டி, தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி.
- துணிப்பைகள்: காற்றுப் புகும் பையில் இறைச்சி சீக்கிரம் குளிரும், பிளாஸ்டிக்கில் கெடும். அந்த இறைச்சியை விற்கவோ பண்டமாற்று செய்யவோ கூடாது.

குடிலுக்குள் போகும்முன் துப்பாக்கியைக் காலிசெய்து, போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். விமானத்தில் சமையல் கேஸ் ஏற்ற முடியாது. இறங்கிய ஊரில் வாங்குங்கள்.

விபத்து நேர்ந்தால்

உயிருக்கு ஆபத்து என்றால் பீக்கனை இயக்கத் தயங்காதீர்கள். மீட்டதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை. ஆன்டெனாவை நிமிர்த்தி, வானம் தெரியும் வெட்டவெளியில் வையுங்கள். பிறகு அணைக்காதீர்கள், இடம் மாறாதீர்கள். தவறுதலாக இயங்கிவிட்டால் அணைத்துவிட்டு மீட்பு மையத்துக்குத் தகவல் சொன்னால் போதும், அபராதம் இல்லை. தொலைபேசித் தொடர்பு இருந்தால் 111.

குளிரில் விறைத்தவரைக் காற்றிலிருந்து மறையுங்கள். ஈர உடையை மாற்றுங்கள். நினைவிருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். மது கூடாது, கைகால்களைத் தேய்க்கவும் கூடாது.

இழப்பீடும் முறையீடும்

விபத்தில் காயமடைந்தவருக்கு, தவறு யாருடையது என்று பாராமல், ‘ஏசிசி’ எனும் அரசு விபத்து இழப்பீட்டு அமைப்பு சிகிச்சைச் செலவுக்கு உதவும். சுற்றுலா வந்தவருக்கும் இது பொருந்தும். அங்கே வேலைசெய்து சம்பாதிப்பவர் வேலைக்குப் போக முடியாவிட்டால், முதல் வாரத்துக்குப் பின் வருமானத்தில் 80 சதவீதம்வரை கிடைக்கும். மருத்துவரே கோரிக்கையைப் பதிவுசெய்வார். நிராகரித்தால் மூன்று மாதத்துக்குள் மறுஆய்வு கேட்கலாம். அதன்பின் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இந்த அமைப்பு ஈடுசெய்யும் காயத்துக்காகச் சுட்டவர்மீது நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது. ஆனால் குற்ற வழக்கில் தண்டனை விதிக்கும்போது, மனவேதனைக்கு ஈட்டுத்தொகை தர நீதிமன்றம் உத்தரவிடலாம். நோய்க்கும், பார்வையாளரை ஊருக்குத் திரும்ப அழைத்துவரும் செலவுக்கும் ஏசிசி பணம் தராது. எனவே பயணக் காப்பீடு எடுங்கள். துப்பாக்கி வேட்டை அதில் அடங்குகிறதா என்று எழுத்தில் உறுதிசெய்யுங்கள்.

கிளம்பும் முன் ஒரு தாள்

பீக்கனும் பழுதாகலாம். ஆகவே ஊரில் இருக்கும் நம்பகமான ஒருவரிடம் ஐந்து விவரங்களை எழுதிக் கொடுங்கள்: எந்தப் பள்ளத்தாக்கு, எந்தக் குடில், யார் யார், எந்த வண்டி, எந்த நாள் எத்தனை மணிக்குள் வராவிட்டால் காவல்துறையை அழைக்க வேண்டும். திட்டத்தை மாற்றினால் அவரிடம் சொல்லுங்கள். சொல்ல முடியாத இடத்தில் மாற்றாதீர்கள்.